செதிலனுக்குப் போட்ட இலை

ஒரு காட்டில் ஓடை வற்றிப்போனது. மழைக்கு முன்பே ஒரு குளம் வெட்டிவிட வேண்டும் என்று விலங்குகள் முடிவு செய்தன. மானும் பன்றியும் மற்றவையும் பகலில் மண்ணைத் தோண்டின. செதிலன் என்ற எறும்புத்தின்னி மட்டும் இரவில் தோண்டியது. பகலில் அதற்குக் கண் தெரியாது. ஆனால் பாறைபோல் இறுகிய மண்ணையும் பெயர்க்கும் நகங்கள் அதற்குத்தான் இருந்தன.

வேலைக்குத் தலைவர் தேனப்பன் என்ற கரடி. நல்ல மனசு. வாரம் ஒருமுறை, உச்சிவேளையில், பெரிய பாறைமேல் எல்லாருக்கும் விருந்து வைக்கும். தேனும் நாவற்பழமும் வயிறு நிறையக் கிடைக்கும். ஆட்டமும் பாட்டமும் காட்டையே அதிர வைக்கும்.

துருவி என்ற கீரிக்கு எதைப் பார்த்தாலும் கேள்விதான். ஒரு விருந்தில், தேன் வைத்திருந்த ஓர் இலையின் முன்னால் மட்டும் யாரும் உட்காரவில்லை.

"தேனப்பண்ணா, இது யாருடைய இலை?"

"செதிலனுடையது. ஒவ்வொரு வாரமும் போடுகிறேன். அவன் வருவதே இல்லை. தலைக்கனம்!"

மற்ற விலங்குகளும் ஆமாம் என்று தலையாட்டின. துருவிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. தலைக்கனம் பிடித்தவன் இரவெல்லாம் ஏன் மண் தோண்டுகிறான்?

மாலையில் அது செதிலனின் வளைக்குப் போய் எட்டிப் பார்த்தது. செதிலன் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தது.

"எங்கே போகிறாய்?"

"மலைக்கு அந்தப் பக்கம். அங்கே வேறு காடு இருக்கிறதாம்."

"ஐயோ! நீ போனால் குளம் என்ன ஆவது? விருந்துக்கும் நீ வருவதில்லையே, ஏன்?"

"முதல் விருந்துக்கு வந்தேன். வெயிலில் கண் திறக்க முடியவில்லை. தேனை நக்கினேன், வயிறு புரட்டியது. எல்லாரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. திரும்பிவிட்டேன். துருவி, இந்தக் காட்டில் என்னோடு பேசியவர் யார் சொல், பார்ப்போம்."

துருவி வளையின் வாசலை மறித்து நின்றது. "இன்னும் ஒரே ஒரு நாள் இரு" என்று கெஞ்சிவிட்டுக் கரடியிடம் ஓடியது.

விஷயத்தைக் கேட்டதும் தேனப்பன் பதறிப்போனது. "அடடா! எறும்புத்தின்னிக்குத் தேன் வைத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டது.

மறுநாள் அந்தி சாய்ந்ததும் புதருக்குப் பின்னால் ஓர் இலை போட்டு, அதில் எறும்புகளைக் குவித்து வைத்தது. துருவி போய் அழைத்ததால் செதிலன் வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தது. ஒருவரும் இல்லை. ஓர் எறும்பைக்கூடத் தொடாமல் பந்துபோல் சுருண்டுகொண்டது.

"இன்னும் என்ன குறை?" துருவியோடு மரத்தின் பின்னால் மறைந்து பார்த்துக்கொண்டிருந்த கரடிக்கு அழுகையே வந்துவிட்டது. "எறும்பு பிடித்து என் மூக்கெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, பார்!"

"அண்ணா," என்றது துருவி, "உனக்கு என்ன வேண்டும் என்று அவனைக் கேட்டீர்களா?"

கரடி திருதிருவென விழித்தது. பிறகு அந்தப் பந்தின் அருகே மெல்ல உட்கார்ந்தது.

"செதிலா, எப்படி இருந்தால் நீ வருவாய்?"

பந்து மெல்லத் தளர்ந்தது. பிறகு பந்துக்குள்ளிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

"எறும்பை நானே தேடிக்கொள்வேன். எல்லாரும் கூடியிருக்கும்போது, வெயில் இல்லாத நேரத்தில், நடுவில் எனக்கும் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்."

சேதி பரவியதும் மான் மிரண்டது. "இருட்டில் கூடினால் சிறுத்தை வருமே!"

"இருட்ட வேண்டாம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் கூடலாம். வெளிச்சமும் இருக்கும், கண்ணும் கூசாது" என்றது துருவி.

அப்போது ஆமை தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது. "எல்லாரையும் கேட்பதானால், நானும் ஒன்று சொல்லட்டுமா? என்னால் பாறைமேல் ஏற முடியாது."

கரடி திகைத்துப்போனது. "நீதான் ஒவ்வொரு விருந்துக்கும் வருவாயே!"

"வருவேன். கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்."

கரடியின் முகம் வாடிப்போனது.

அடுத்த விருந்து பாறைமேல் நடக்கவில்லை. ஆலமரத்தடியில், வெயில் தாழ்ந்த பிறகு நடந்தது. செதிலன் மானுக்கும் ஆமைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. "இரவில் தனியாகத் தோண்டும்போது உனக்குப் பயமாக இருக்காதா?" என்று பன்றி கேட்டது. செதிலன் சொல்லத் தொடங்கியது. சொல்லச் சொல்ல எல்லா விலங்குகளும் நெருங்கி உட்கார்ந்தன. நடுவில் அது ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு எதற்கென்று இந்த முறை செதிலனுக்குத் தெரிந்திருந்தது.

அது மலை தாண்டிப் போகவில்லை. மழை வந்தபோது குளம் வெட்டி முடிந்திருந்தது.

நீதி: அழைத்தால் மட்டும் போதாது, எல்லாரும் வந்து கலந்துகொள்ள என்ன வேண்டும் என்று அவரவரையே கேட்டுச் செய்ய வேண்டும்.