நாவிதர் பஞ்சாட்சரனார் கொண்ட பொறாமை

கொள்ளிடக் கரையில் உள்ளது திருமணற்குடி. அங்கே மருள்தீர்த்தநாதர் கோயிலின் முடியிறக்கும் கொட்டகையில் சவரம் செய்து பிழைத்தவர் பஞ்சாட்சரனார். விடியலில் கத்தியைக் கையிலெடுத்ததும் கோபுரத்தைப் பார்த்து ஐந்தெழுத்தைச் சொல்வார். உச்சிக்கால மணி அடித்துவிட்டால் கூலி வேலையை நிறுத்திவிடுவார். அதன்பின் அவர் செய்தது வேறொரு பணி.

புத்தி பேதலித்தவர்களை அந்த ஈசன் குணமாக்குவான் என்று நம்பி எங்கெங்கிருந்தோ அழைத்து வருவார்கள். வெளிமண்டபத்தில் விட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வருவதேயில்லை. அப்படி விடப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் குளத்துப் படிக்குக் கூட்டிப்போய், சிக்குத் தலையை மழித்து, புண் கழுவி, குளிப்பாட்டி, நீறு பூசி விடுவார். எல்லாரையும் ‘சாமி’ என்றே அழைப்பார். அவர்கள் கடித்த வடுக்கள் இரண்டு கைகளிலும் இருந்தன. “பைத்தியத்துக்குப் பைத்தியம் சவரம் பண்ணுது” என்று கூடத் தொழில் செய்தவர்கள் சிரித்தார்கள். மனைவிக்குக் கருமாதி முடிந்த அன்று பிற்பகலும் அவர் படியில்தான் இருந்தார்.

வடக்குத் தூணடியில் ஒரு நெட்டை மனிதர் பதினோரு ஆண்டுகள் வாய் திறவாமல் கிடந்தார். ஒவ்வொரு முறை மழித்து முடித்ததும், “சாமிக்குப் பேரு என்னங்க?” என்று கேட்பார் பஞ்சாட்சரனார். பதில் வராது. “சரி, அடுத்த தடவ சொல்லுங்க” என்பார்.

அரசாங்கத்தின் கை எட்டாத இடங்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் தேடி வரத் தொடங்கிய காலம் அது. தன் அண்ணனை மனநோய்க்குப் பறிகொடுத்த நிறைமதி என்ற பெண்மணி, இரண்டு தாதியரோடு வந்து, மூடிக்கிடந்த அரிசி ஆலையில் ‘நிழல்’ என்ற இல்லத்தைத் திறந்தார். வேன் வந்தது, மனநல மருத்துவர் வந்தார். சில ஆண்டுகளில் பக்கத்து மாவட்டங்களிலும் கிளைகள் எழுந்தன. கடல் கடந்த நாட்டுக்காரர்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துப் போனார்கள். மண்டபத்துச் சாமிகள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். கடைசியில் நெட்டையரும் போனார்.

மூன்று மாதம் கழித்து நிறைமதி கொட்டகைக்கே ஓடி வந்தார்.

“ஐயா, வடக்குத் தூண்காரர் பேசிட்டாரு. பேரு செல்லையாவாம். அறந்தாங்கிப் பக்கம். ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களாம்.”

“அப்டியாம்மா, சந்தோசம்” என்றார் பஞ்சாட்சரனார். கத்தி பிசகி, எதிரே அமர்ந்திருந்த பக்தரின் காதோரம் ரத்தம் கசிந்தது. முப்பது ஆண்டுத் தொழிலில் அதுவே முதல் முறை.

அன்று சன்னிதியில் அவர் கைகூப்பவில்லை. “பதினோரு வருசம் தொட்டுக் கழுவுனவன் நான். எங்கிட்டச் சொல்லாத பேர அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வச்சியே. நான் எதுல கொறஞ்சு போனேன்?” ஈசன்மீது வைத்த அன்பு இம்மியும் குறையவில்லை; அந்த அன்பேதான் புளித்தது. வேன் சத்தம் கேட்டால் வயிறு எரியும். நிறைமதியின் படம் வந்த செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்த கடைக்காரரிடம், காகிதத்தை மாற்றிக் கட்டச் சொன்னார்.

நோயாளிகளைக் குடிசைகளில் சங்கிலியிட்டு வைத்துப் பிழைத்த கோதண்டம் என்பவருக்கு ‘நிழல்’ வந்ததில் தொழில் படுத்துவிட்டது. இல்லத்தில் அடிக்கிறார்கள் என்று அவர் மனுக் கொடுத்தார். விசாரிக்க வந்த தாசில்தார் நேரே பஞ்சாட்சரனாரிடம் வந்தார்.

“நீங்க சொன்னா ஊரே நம்பும். அங்க அடிக்கிறாங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “சத்தம் கேக்கும்னு சொல்றாங்க” என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிற்று. விசாரணை முடியும்வரை இல்லம் பூட்டப்பட்டது. மருந்து நின்றது. எல்லாரும் மண்டபத்துக்கே திரும்பினார்கள். பஞ்சாட்சரனார் ஆசையோடு கத்தியை எடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டாம் நாள் நெட்டையரைப் படியில் உட்காரவைத்து, “செல்லையா” என்று கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்பதுபோல் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சாட்சரனார் கத்தியை மடக்கினார். ஈர வேட்டியோடு தாலுகா ஆபீசுக்கு நடந்தார்.

“பொய் சொல்லிட்டேங்க. அங்க யாரும் அடிக்கல. தலைக்கு எண்ணெ வச்சிச் சீவி விட்டத நானே பாத்தேன்.”

“அப்புறம் ஏன்யா அப்படிச் சொன்னீங்க?”

“பொறாமைங்க. வேற ஒண்ணுமில்ல.”

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சொன்னதை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். கொட்டகையைக் குத்தகை எடுத்திருந்தவர் கோதண்டத்தின் மைத்துனர். மறுநாளே அவர் பஞ்சாட்சரனாரின் சவரப் பலகையைத் தெருவில் எறிந்தார். இல்லம் திறந்தது. பஞ்சாட்சரனார் நிறைமதியிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

“செல்லையா திரும்பிப் பேச எத்தன மாசம் ஆகும்னு தெரியல ஐயா” என்றார் நிறைமதி. மன்னித்ததாகச் சொல்லவில்லை. “நாளைக்கு முப்பது தல மழிக்கணும். வர்றீங்களா?”

போனார். போயும் எரிச்சல் அடங்கவில்லை. நோயாளிகள் ‘அம்மா’ என்று நிறைமதியின் பின்னால் ஓடும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தெழுத்தைச் சொல்வார்.

பங்குனி மாதத்து நடுப்பகலில், யாரும் அழைத்து வராத ஒரு சடைக்காரர் இல்லத்துக்குள் நுழைந்தார். தாதியரை விரட்டினார், மருத்துவரைத் தள்ளினார். பஞ்சாட்சரனார் முன் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தார். சடையில் கை வைத்ததும் விரல்களுக்கிடையே சில்லென்று நீர் வழிந்தது. முழங்கை நனைந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

“எங்க சாமி குளிச்சிட்டு வர்றீங்க?”

“இன்னும் எரியுதா?”

அவர் மறைக்கவில்லை. “எரியுதுங்க சாமி.”

“மருந்து குடுக்குதே அந்தப் பொண்ணு, அது யாரு கை?”

“உங்க கைங்க.”

“மழிக்கிற இதுவும் எங்கைதான். வலது கையப் பாத்து எடது கைக்கு என்னய்யா பொறாமை?”

நிமிர்ந்து பார்த்தபோது எதிரே யாருமில்லை. “தரையெல்லாம் தண்ணி, யாரு ஊத்துனது?” என்று கேட்டபடி வந்த நிறைமதி, அந்த முதியவர் அழுவதைக் கண்டு அங்கேயே நின்றார். பஞ்சாட்சரனார் முதன்முறையாக அவரை நோக்கிக் கைகூப்பினார்.

தொண்டு செய்வதைவிடத் தன் குற்றத்தைச் சொல்வது கடினம். கடினமானதையும் செய்து, கங்கையைக் கையால் தொட்ட அந்த நாவிதர் கால் தோய்ந்த மண்ணுக்கு நம் தலை வணங்கட்டும்.