இருவாச்சியை மீட்க வந்த இரண்டு வீரர்கள்

காட்டில் ஓர் உயரமான மருதமரம். அதன் பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சிப் பறவை இரண்டு முட்டைகளோடு அடைந்து கிடந்தது. மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்ததும் அதுவேதான். ஆண் இருவாச்சி அத்திப்பழம் ஊட்ட, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. இருவாச்சிகள் எப்போதும் இப்படித்தான் குஞ்சு பொரிக்கும். காட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

இரண்டு பேரைத் தவிர.

ஒன்று அழுங்கு என்கிற எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில் இருப்பதால், கவசம் போட்ட வீரன் என்று நினைப்பு. இன்னொன்று மரங்கொத்தி. தலையில் சிவப்புக் கொண்டை இருப்பதால் அதற்கும் அதே நினைப்பு.

"ஐயோ! எந்த அரக்கனோ ஓர் இளவரசியைக் கோபுரத்தில் சிறை வைத்திருக்கிறான்!" என்றது அழுங்கு.

"கலங்காதே பெண்ணே! உன்னை மீட்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்!" என்று மரங்கொத்தி சபதம் போட்டது.

"நான் எறும்பே தின்ன மாட்டேன்!" என்றது அழுங்கு.

கீறல் வழியாக அலகு வெளியே வந்தது. "யாருப்பா நீங்க? இந்தச் சுவரைக் கட்டினதே நான்தான். போய் வேலையைப் பாருங்க!"

"பாவம், பயத்தில் உளறுகிறாள்" என்றது அழுங்கு.

"உளறலா? இறகெல்லாம் உதிர்ந்துபோச்சு, பறக்க முடியாது. சுவர் போனா மரநாய் முட்டையைத் தின்னுடும்!"

"கேட்டாயா? இறகைக்கூடப் பிடுங்கிவிட்டான் பாவி!" மரங்கொத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

யார் முதலில் மீட்பது என்று இரண்டும் சண்டை போட்டன. பிறகு அழுங்கும் மரத்தில் ஏறிவர, ஒன்று கொத்தியது, ஒன்று பிறாண்டியது. "நிறுத்துங்கடா!" என்று இருவாச்சி கத்தக் கத்த, சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

மேல் கிளையில் தூங்கிய மரநாய் சத்தம் கேட்டு இறங்கி வந்தது. மரங்கொத்தி அடுத்த மரத்துக்குப் பறந்தது. அழுங்கு பந்தாகச் சுருண்டு தொப்பென்று கீழே விழுந்தது. இருவாச்சி தனியாகத்தான் போராடியது. மூக்கிலேயே ஓங்கி ஒரு கொத்து! மரநாய் ஓடியது. ஆனால் அதற்குள் ஒரு முட்டை உடைந்துவிட்டது.

இருவாச்சி மிச்சமிருந்த முட்டையை அடியில் தள்ளிக்கொண்டு, மறுபடி சுவர் பூச ஆரம்பித்தது.

மரநாய் போனது உறுதியானதும் வீரர்கள் திரும்பி வந்தார்கள். "பெண்ணே! மீட்டதன் நினைவாக ஓர் இறகு தருவாயா?"

"கீழே மண் கொட்டிக் கிடக்கு. அதை எடுத்துக் கொடுங்க, போதும்."

"வீரர்கள் மண் சுமப்பதா!" என்று இரண்டும் கோபித்துக்கொண்டு போய்விட்டன.

காப்பாற்றப் போகிறவர் முதலில் 'உதவி வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று பதில் வந்தால் அதையும் காதில் வாங்க வேண்டும்.