சொல்லாமல் விட்ட பிழைகள்

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் நடந்த வழக்கு. கோர்ட்டுக்குப் போகவில்லை, அதனால் உங்களிடம் வருகிறது.

கோகிலவாணி அந்தக் கம்பெனியில் எட்டு வருஷமாக மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசி, சாம்பிள் காட்டி, சரக்கு கப்பலேறும் வரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. பக்கத்து மேஜையில் அதே வேலைக்கு ஜெபமலர். தூத்துக்குடிப் பெண், வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆனால் பையர் போனில் வந்தால் ஜெபமலரைத்தான் கேட்பார். முதலாளி மாடியிலிருந்து இறங்கினால் நேராக அவள் மேஜைக்குத்தான் போவார். ஒவ்வொரு தடவையும் கோகிலாவுக்கு வயிறு எரியும். சிரித்த முகத்தோடு எரியவேண்டும், அதுதான் கொடுமை.

ஒரு நாள் முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். "சென்னையில ஒரு எம்.பி.ஏ. காலேஜ், வேலையில இருக்கறவங்களுக்கு ஒரு வருஷப் படிப்பு வெச்சிருக்காங்க. நம்ம கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சீட்டு. ரெண்டு பேரும் அப்ளை பண்ணுங்கம்மா. யாருக்குக் கிடைக்குதோ, படிச்சுட்டு வந்து மேனேஜர் சீட்டுல உக்காரட்டும்."

அந்த மேனேஜர் நாற்காலிக்காகத்தான் கோகிலா இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

கல்லூரி ஒரு கட்டுரை கேட்டிருந்தது: "வேலையில் நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தை எழுதுங்கள்." ஜெபமலர் எழுதி முடித்த கையோடு கோகிலாவிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கக்கா. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

கோகிலா படித்தாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அத்தனையும் சொதப்பல்! எடுத்த எடுப்பில் ஒரு பொன்மொழி. அடுத்து, சின்ன வயசிலிருந்தே நிர்வாகி ஆகும் கனவாம். பிறகு, கல்லூரியின் இணையதளத்தில் இருப்பதையே எடுத்துக் கல்லூரிக்கே புகழ்மாலை. சரி, தோல்வி எங்கே என்று பார்த்தால், ப்ளஸ் டூ கணக்கில் மார்க் குறைந்ததாம். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசிப் பத்தியில் "உங்கள் பெங்களூர் வளாகத்தில் படிப்பது என் பாக்கியம்" என்று இருந்தது. வேறொரு கல்லூரிக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறாள். இந்தக் கல்லூரியோ சென்னையில் இருக்கிறது.

கோகிலா அந்த வரியில் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். அது அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் சும்மா இருக்கவும் பொறாமை விட்டதா? ஆபீஸே கேட்கும்படி சொன்னாள்: "இது என்ன புள்ள, ஸ்கூல் ஆண்டு விழாப் பேச்சாட்ட இருக்குது! தோல்வி வேணும்னா அந்த நீலக் கலர் கூத்த எழுத வேண்டியதுதானே? ஊருக்கே தெரிஞ்சத மறைச்சுப்போட்டு, கணக்குல மார்க்கு கொறஞ்சுதாமா!"

நாலு பேர் சிரித்தார்கள். போன வருஷம் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரு நீலச் சாயத்துக்கு ஓகே சொன்னவள் ஜெபமலர். பகல் வெளிச்சத்தில் அது வேறு நீலமாக இருந்தது. தைத்த குழந்தைச் சட்டை அத்தனையும் திரும்பி வந்தது. அப்போது அவள் சாயப்பட்டறைக்காரர் மேல் பழி போட்டதும் எல்லோருக்கும் தெரியும். ஜெபமலரின் முகம் சுண்டிப்போனது. கோகிலாவுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு தனியாக ருசித்தது.

மறுநாள் தன் கட்டுரையைக் கொண்டுபோய் ஜெபமலர் முன்னால் வைத்தாள். "இப்படி எழுதோணும். பாத்துக்கோ."

"என் தோல்வி, எதையும் குறையில்லாமல் செய்ய நினைப்பது. மற்றவர்கள் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொள்வது" என்று பக்கம் முழுக்க அழகான நடை. ஜெபமலர் நிமிர்ந்தாள். "தோல்விங்கிற எடத்துல..." என்று இழுத்தாள். கோகிலாவின் புருவம் ஏறுவதைப் பார்த்ததும், "ரொம்ப நல்லாருக்குக்கா" என்று முடித்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. சீட்டு ஜெபமலருக்கு.

ஊரிலிருந்து வந்த மக்ரூன் இனிப்பு டப்பாவோடு ஜெபமலர் வந்து கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க திட்டலைன்னா நான் தேறியிருக்க மாட்டேன்க்கா. எழுதினத மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டு, நீலக் கலரத்தான் எழுதினேன். சாயப்பட்டறை அண்ணாச்சி மேல பழி போட்டதையும் சேத்து." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "உங்க கட்டுரையில தோல்வியே இல்லக்கா, பெருமைதான் இருந்துச்சு. படிச்சப்பவே தெரிஞ்சுது. வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. மன்னிச்சிருங்கக்கா."

கோகிலா டப்பாவைத் திறந்தாள். பெங்களூர் வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு மக்ரூனை வாயில் போட்டு, அதையும் சேர்த்து முழுங்கினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒருத்தி நோகடிக்க நினைத்து உண்மையைச் சொன்னாள். கேட்டவளுக்குச் சீட்டு கிடைத்தது. இன்னொருத்தி நோகக் கூடாது என்று உண்மையை மறைத்தாள். நம்பியவள் சீட்டை இழந்தாள். இந்த இரண்டு பேரில் யார் செய்தது பெரிய தப்பு?

விடை: கோகிலா செய்ததுதான். ஜெபமலர் மறைத்ததும் தப்பே. ஆனால் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள், அதோடு அது தீர்ந்தது. கோகிலா சொன்ன உண்மை உதவி இல்லை, ஏச்சு. அது நல்லதாக முடிந்தது கேட்டவளின் குணத்தால். பெங்களூர் வரியில் வைத்த விரலை எடுத்தாளே, அந்தத் தப்பு இன்னும் அவளிடமே இருக்கிறது. அடுத்த வருஷமும் அந்தக் கல்லூரி இதே கேள்வியைத்தான் கேட்கப்போகிறது. எழுதுவதற்கு இப்போது கோகிலாவிடம் அசல் தோல்வி ஒன்று உண்டு. தாராளமாக எழுதலாம். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துச் சொல்ல, ஜெபமலரை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?