வேலம்மா கடைச் சுவரு

ஒரு ஊர்ல ஒரு இட்லிக்காரி இருந்தா, பேரு வேலம்மா. இன்னும் ஒரு இட்லி கூட சுடல, வெள்ளிக்கிழமைதான் கடை திறக்கணும். ஆனா முன்னறைச் சுவரெல்லாம் ஒரே கரி. அதுக்குள்ள எவன் வந்து சாப்பிடுவான்? ம் கொட்டு.

"ம்."

அவ புருஷன் மாசானம் சரியான அவசரக்குடுக்கை. "நான் வெள்ளையடிக்கேன்"னு சுட்ட சுண்ணாம்புக்கல்லு வாங்கியாந்தான். கார மண் உலோகம்னு உருப்போடுறியே, அதுல கால்சியம் ஆக்சிஜனோட சேந்த கல்லு. "மண்பானையில போடுங்க"ன்னா வேலம்மா. எங்க கேக்கான்? பிளாஸ்டிக் வாளியில கொட்டித் தண்ணிய ஊத்துனான். புஸ்ஸ்ஸ்! அடுப்பும் இல்ல, நெருப்பும் இல்ல, கொதகொதன்னு கொதிக்கு! வாளி நெளிஞ்சு தொபுக்குன்னு உக்காந்திருச்சு. "உங்களைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு!"ன்னு அவ தலையில அடிச்சுக்கிட்டா.

அப்புறம் மீதிக் கல்லுல கொஞ்சத்தப் பானையில போட்டு, தண்ணி ஊத்தி நீத்துனாங்க. "மேல தண்ணி நிக்கட்டும், காத்து படக்கூடாது"ன்னுட்டு, அவ இட்லிக் கொப்பரை வாங்க அம்மா வீட்டுக்குப் போனா. இவனுக்குப் பொறுக்குமா? தண்ணிய வடிச்சு முத்தத்துல பரப்பிட்டான். சூடு சீக்கிரம் ஆறுமாம்! நாலஞ்சு நாளாக் காத்துல கிடந்து, கரியமில வாயுவக் குடிச்சு, சாக்பீஸ் தூளாப் போச்சு. அதையும் குழைச்சு அடிச்சான் பாரு, பொலபொலன்னு உதிருது. திரும்பி வந்த வேலம்மாவுக்கு அழுகையே வந்திருச்சு. ம்?

"ம்ம்..."

அப்புறம் மிச்சக் கல்லை அவளே நீத்தி, வியாழக்கிழமை அடிச்சா. ஈரச் சுவரு மங்கலா நின்னுச்சு. "ஐயோ, வெளுக்கல! சுரண்டிருவோம்!"னு மாசானம் கரண்டியோட ஓடுனான். அவ பிடுங்கி, அதுமேலயே உக்காந்துட்டா.

"காத்து பட்டாத்தான் வெளுக்கும். சும்மா இருங்க!"

"அன்னைக்குக் காத்து ஆகாதுன்னியே?"

"அடிக்கதுக்கு முன்னாடியே முத்தத்துல காத்தைக் குடிச்சுக் கல்லாப் போனா வீணு, தூளா உதிரும். சுவத்துல கல்லானாத்தான் ஒட்டும். ஒரே ஒரு தடவை சும்மா இருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

விடிஞ்சு பாத்தா, சுவரு பளீர்னு நிக்கு! வாசல்ல ஆளுக. கொப்பரையில ஆவி குபுகுபுன்னு வருது. மாசானம் மூடியத் தூக்கக் கைய நீட்டுனான். அப்படியே சுவரைப் பாத்தான். கைய மெதுவாப் பின்னால கட்டிக்கிட்டான். அத்தனை நாள் எரிச்சலும் மறந்து வேலம்மா சிரிச்சுட்டா.

என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி, கதை வெந்தாச்சு. நீயும் மூடியத் திறக்காமத் தூங்கு.