வெயிலுமுத்து அண்ணாச்சி பார்வையில பத்தின பீடி

என் சலூன் நாற்காலியில உக்காந்த மனுசன் பொய் சொல்லலாம். எனக்கு அதுல வருத்தமே கிடையாது. முடி தன் பாட்டுக்கு விழும், பொய் தன் பாட்டுக்கு விழும், சாயங்காலம் ரெண்டையும் சேத்துக் கூட்டித் தள்ளிருவேன். ஆனா வெயிலுமுத்து அண்ணாச்சி அன்னைக்கு விட்டது என் விளக்கமாத்துக்கு அடங்கல.

அண்ணாச்சி தண்ணி லாரி ஓட்டுதவரு. ஆளு ஒல்லி, மீசை மட்டும் குண்டு. மறுநாள் அவரு மகளுக்கு நிச்சயம். மீசைக்கு மை போட வந்திருந்தாரு. மையைத் தடவிட்டு, "கால் மணி நேரம் வாயை ஆட்டாதீங்க அண்ணாச்சி"ன்னேன். அதைச் சுவத்துக்கிட்ட சொல்லியிருக்கலாம்.

காலேஜ் பையனுவ ரெண்டு பேரு உள்ள வந்து, என் கண்ணாடியில தலை சீவிட்டு, எதுத்த பஸ் ஸ்டாப்பைப் பாத்துப் போனானுவ. அவ்வளவுதான், அண்ணாச்சிக்கு வாய் தொறந்துட்டு.

"இவனுவ அடிக்கதெல்லாம் ஒரு சைட்டா பேச்சிமுத்து? முப்பது வருசத்துக்கு முந்தி பீடிக் கம்பெனி பாலத்துல வந்து பாத்திருக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பொம்பளைப் பிள்ளைய எல்லாம் வீட்டுல சுத்துன பீடியைச் சொளவுல, அதான் மொறத்துல, அடுக்கிக் கம்பெனிக்குக் கொண்டு வருவாவ. ஊர்ல உள்ள அத்தனை எளவட்டமும் பாலத்துச் சுவர்ல வரிசையா உக்காந்திருப்பான். நடு இடம் எனக்கு. நான் எந்திரிச்சுப் போனாக்கூட ஒருத்தன் அதுல உக்கார மாட்டான்."

"காக்கா எச்சம் போட்டிருக்கும்"னாரு பெஞ்சில இருந்து தளவாய். கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன். பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்ல.

"அப்பம் நான் தலைக்குக் கால் படி தேங்காண்ணெய் வைப்பேன். அந்தப் பளபளப்புல பிள்ளைய நின்னு பொட்டைச் சரி பண்ணிட்டுப் போகும். ஒரு நாள் நான் எண்ணெய் வைக்கல. அன்னைக்கு ஊர்ல ஒருத்தி பொட்டும் நெத்தி நடுவுல இல்ல."

"அண்ணாச்சி, மை வாய்க்குள்ள போகுது"ன்னேன்.

"போகட்டும். ஆவுடை வந்தாளா, அதான், உங்க மதினி. நல்ல ஐப்பசி மழை. எலையெல்லாம் நமுத்துப் போயி, சொளவுல இருக்க பீடி ஒண்ணொண்ணும் நாக்குப்பூச்சி கணக்கா கெடக்கு. அழுதுக்கிட்டே வாரா. எனக்கு மனசு தாங்கல. சொளவை ஒரே ஒரு பார்வை பாத்தேன். மொறுமொறுன்னு காஞ்சிட்டு!"

"உம்ம கண்ணுல என்ன ஹீட்டரா போட்டிருக்கு?"ன்னாரு தளவாய்.

"கேளும்வே. மறுநாள் மழை இல்ல. எனக்கு அது ஞாபகம் இல்ல. அதே பார்வையைப் பாத்துட்டேன். சொளவுல இருந்த ஆயிரம் பீடியும் குப்புனு பத்திட்டு! பாலத்துல இருந்தவன் அத்தனை பேரும் ஓடியாந்து ஆளுக்கு ஒண்ணா எடுத்து இழுத்தான். அப்பவும் மிச்சம். ரோட்டுல போன டவுன் பஸ்ஸை நிறுத்தி, டிரைவர் கண்டக்டருக்கும் குடுத்தோம்."

தளவாய் பேப்பரை மடக்கிட்டாரு. "வே வெயிலுமுத்து, நானும் எத்தனையோ டிரான்ஸ்பார்மர் வெடிச்சுப் பாத்திருக்கேன். இப்படி ஒரு புளுகு வெடிச்சுப் பாத்ததில்ல."

"புளுகா?" அண்ணாச்சி எந்திரிச்சிட்டாரு. கழுத்துல கட்டுன துண்டோட நெஞ்சைத் தட்டினாரு. "நான் சொல்லுததுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் இந்த மீசையை எடுத்துருதேன்வே. ஏல, பேச்சிமுத்து, நீதான் சாட்சி!"

சொல்லிட்டாரு. எங்க சொல்லுதோம்னு யோசிக்கல. மீசையை எடுக்கேன்னு டீக்கடையில சொல்லலாம், வயக்காட்டுல சொல்லலாம். சலூன்ல, அதுவும் நான் சவரக்கத்தியைக் கையில வச்சிட்டு நிக்கும்போது சொல்லலாமா? தளவாய்க்கு மொகமெல்லாம் பல்லு. "சரிவே. சொன்ன சொல்லு மாறப்பிடாது"ன்னாரு.

எங்க பக்கம் பெத்தவங்க செத்தாத்தான் ஆம்பிளை மீசையை எடுப்பான். நாளைக்குப் பொண்ணோட அப்பன் மொழுமொழுன்னு வாசல்ல நின்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இழவு வீடுன்னு தாம்பாளத்தோட அப்படியே திரும்பிருவாங்க. "அண்ணாச்சி, இத்தோட நிறுத்திக்கிடுங்க"ன்னு காதுல சொன்னேன். கேட்டாத்தான!

"பீடி பத்துன சேதி ஆவுடை அப்பாவுக்குப் போயிட்டு. அருவாளோட வந்தாரு. நான் சைக்கிளை எடுத்தேன். அவரு ஓட்டமா தொரத்துதாரு. கம்பெனிக்கு அந்தப் பக்கம் பெரிய குளம் இருக்குல்லா, அதைச் சுத்தி மிதிக்கேன். என்ன வேகம்வே! மூணாவது சுத்துல பாத்தா எனக்கு முன்னால ஒரு ஆளு அருவாளோட ஓடுதாரு. யாருன்னு பாக்கேன், எங்க மாமனாரு! தொரத்துனவரை நான் பின்னால வந்து பிடிச்சிட்டேன்."

"வெட்டலையா?"

"எப்படிவே வெட்டுவாரு? அவரு தேடுதவன் முன்னால போறவன்லா? நான் பின்னால வந்தவன். 'தம்பி, இந்தப் பக்கம் ஒரு பய சைக்கிள்ல போனானா?'ன்னு மூச்சு வாங்கிட்டுக் கேக்காரு. 'போனான் மாமா, கேரியர்ல ஏறுங்க, பிடிச்சிரலாம்'னேன். ஏத்திட்டு மிதிச்சேன். தென்காசி, செங்கோட்டை, புனலூருன்னு மூணு நாளு! ரெண்டு பேருமா என்னையத் தேடுதோம். ஆளு ஆம்பிடல. நாலாம் நாளு அவரு கேரியர்ல இருந்து எறங்கி என் தோள்ல கையை வச்சு, 'அந்தக் களவாணிப்பய கெடக்கான். முன்னப்பின்ன தெரியாத எனக்காக இப்படி மிதிச்சியே, உன்னை மாதிரி ஒரு பிள்ளைக்குத்தான் என் மகளைக் குடுக்கணும்'னு கண்ணு கலங்கிட்டாரு. தாலி கட்டும்போதுகூட 'அவன் வந்துருவானோ'ன்னு வாசல்ல அருவாளோட நின்னு எனக்குக் காவல் காத்தாருவே!"

தளவாய் கையை நீட்டினாரு. "பேச்சிமுத்து, கத்தியைத் தீட்டு."

அந்த நேரம் பாத்து வாசல்ல ஆவுடை மதினி. பூக்காரருக்கு முன்பணம் குடுக்கணும், ஆளைக் காணலையேன்னு தேடி வந்திருக்காவ. ஆம்பிளைய கடைன்னு உள்ள வரல, படிக்குக் கீழயே நின்னாவ. அண்ணாச்சி மொகம் மையோட சேந்து கறுத்துட்டு. மெதுவா நாற்காலியில உக்காந்தாரு.

தளவாய் விடலை. பீடி பத்துனதுல இருந்து காவல் நின்னது வரை ஒண்ணு விடாம ஒப்பிச்சாரு. "நீங்க சொல்லுங்க மதினி. இது பொய்யின்னா இப்பமே மீசை போகும். அவரே வச்ச பந்தயம்."

மதினி என் கையில இருந்த கத்தியைப் பாத்தாவ. அண்ணாச்சி மீசையைப் பாத்தாவ. அண்ணாச்சி நாற்காலியோட சுருங்கிட்டாரு.

"பொய்தான்"னாவ மதினி. எனக்கு உசிரே போயிட்டு. "பீடியைப் பத்த வச்சது இவுக பார்வை இல்ல. இவுக கூச்சத்துல குனிஞ்சுலா உக்காந்திருப்பாக! சைட் அடிச்சது நானு. நான் பாத்த பார்வை இவுக எண்ணெய்த் தலையில பட்டுத் திரும்பி என் சொளவுலயே விழுந்துட்டு. பெறவு அந்த மூணு நாளு. பின்னால எங்கப்பா, நடுவுல இவுக. முன்னால சைக்கிள் பார்ல உக்காந்து ரெண்டு பேருக்கும் வழி சொல்லிட்டு வந்தது யாருங்கிய? நான்தான். புனலூர்ல இட்லிகூட வாங்கிக் குடுத்தேன். ரெண்டு ஆம்பிளையளும் தேடுத மும்முரத்துல கவனிக்கல."

தளவாய் பேப்பரை எடுத்துத் தலைகீழாப் பிடிச்சுப் படிக்க ஆரம்பிச்சாரு.

அண்ணாச்சிக்குப் போன உசிரு திரும்பிட்டு. துண்டை உதறிப் போட்டு, மீசையை முறுக்கி, "கேட்டீராவே?"ன்னு சொல்லிட்டு நெஞ்சை நிமித்திப் படியெறங்கினாரு. கையெல்லாம் மை.

அவரை முன்னால போக விட்டுட்டு மதினி என்கிட்டத் திரும்பினாவ.

"பேச்சிமுத்து, நாளைக்கு நிச்சயம் முடிஞ்சிரட்டும். நாளான்னைக்குக் காலையில அனுப்பி வைக்கேன், எடுத்துரு."