வளைந்துபோன கோடு

முன்னொரு காலத்தில் மாந்துறை நாட்டை விசயமார்த்தாண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவான். அவனுடைய மந்திரி பெரியபிரான் ஊருக்கு மேற்கே ஏரி வெட்டி, கரை கட்டி, நல்ல பேர் வாங்கியிருந்தார். அதைக் கண்டாலே தளபதி திம்மராயனுக்கு வயிறு எரியும்.

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. மந்திரி ஏரியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் திம்மராயன் சபைக்கு வந்து, வெள்ளைச் சுவரில் செங்காவியால் உயரே ஒரு கோடு இழுத்தான்.

“மகாராஜா, இது கரையின் உச்சி” என்றான். பிறகு கரித்துண்டால் கீழே புள்ளிகள் வைத்தான். “விடிந்ததிலிருந்து நாழிகைக்கு ஒரு புள்ளி, வலப்பக்கம் தள்ளித் தள்ளி. நீர் ஏறிய அளவுக்குப் புள்ளியும் ஏறுகிறது. ஏணிப்படி மாதிரி எவ்வளவு சீராகப் போகிறது, பாருங்கள்.”

புள்ளிகளின்மேல் ஒரு நூலை வைத்து நீட்டிப் பிடித்தான். நூல் நேராகப் போய்ச் செங்காவிக் கோட்டில் முட்டியது.

“பொழுது சாய்வதற்குள் நீர் கரையைத் தாண்டும். அரண்மனை மிஞ்சாது. இப்போதே தெற்குக் கரையை உடைத்துவிடலாம்.”

தெற்கே கீழைப்பாளையம், நெசவாளர் ஊர். அதற்கு அப்பால் ஆறு, அதிலும் வெள்ளம். கரையை உடைத்தால் அந்த ஜனங்கள் தப்பியோட வழியில்லை. ராஜாவுக்கும் அது தெரியும். முகம் வெளுத்துப்போய், “சரி, உடையுங்கள்” என்றான்.

மண்வெட்டியோடு ஆட்கள் கிளம்பும்போது மந்திரி சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். சுவரைப் பார்த்தார்.

“தளபதியாரே, இப்போது மத்தியானம். உங்கள் புள்ளிகள் காலையோடு நின்றுவிட்டனவே?”

“மிச்சம் எதற்கு? கோடே வழி சொல்கிறது.”

மந்திரி கரித்துண்டை வாங்கி, ஏரியின் அளவுக்கல்லில் தாம் பார்த்துவந்தபடி மிச்சப் புள்ளிகளை வைத்தார். ஒவ்வொன்றும் நூலைவிட்டு இறங்கி இறங்கி விழுந்தது. நிமிர்ந்து போன வரிசை வளைந்து படுக்க ஆரம்பித்தது.

“மழை குறையவில்லையே, பிறகு ஏன் இப்படி?” என்றான் ராஜா.

மந்திரி ஒரு மூங்கில் குழாயும் அடி குறுகி வாயகன்ற சட்டியும் வரவழைத்தார். இரண்டிலும் ஒரே கரண்டியால் நீர் ஊற்றினார். குழாயில் நீர் ஒரே அளவாக ஏறியது. சட்டியிலோ முதலில் கிடுகிடுவென்று ஏறி, போகப் போகத் தயங்கியது.

“ஏரியின் அடி குறுகிய பள்ளம். காலையில் அதுதான் நிரம்பியது. இப்போது நீர் அதற்கு மேலே இருக்கும் மேய்ச்சல்வெளி முழுக்கப் பரவுகிறது. இந்த வளைவு இன்று அந்தக் காவிக் கோடு வரைக்கும் எட்டாது.”

“எட்டிவிட்டால்?” என்றான் ராஜா.

“நான் கரைமேல் போய் நிற்கிறேன். வந்தால் முதலில் என்னைத்தான் கொண்டுபோகும். தளபதியாரும் துணைக்கு வரட்டும். எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.”

ராஜாவும் கூடப் போனான். மழை ஓயவில்லை. அலை கரையில் மோதும்போதெல்லாம் காலடி மண் அதிர்ந்தது. மண்வெட்டிக்காரர்கள் ராஜாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடிக்கொண்டான். திம்மராயன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி மேட்டுக்குப் போய்விட்டான்.

நூல் காட்டிய பொழுது வந்தது, போயிற்று. நீர் கரைக்கு ஓர் ஆள் உயரம் கீழேயே நின்றது.

மறுநாள் வெயில் அடித்தது. “ஏரி கிணறு மாதிரி இருந்திருந்தால் என் கணக்கு தப்பியிருக்காது” என்று முனகினான் திம்மராயன்.

“அப்படியா? கீழைப்பாளையத்தில் நல்ல கிணறு இல்லையாம். நீங்களே இறங்கி வெட்டுங்கள். பக்கம் நேராக இருக்கட்டும்” என்றான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

பிறகு மந்திரியோடு கீழைப்பாளையம் போனான். முந்தின நாள் தங்கள் உயிருக்கு என்ன நேர இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. ராஜா தெருமுனையில் வெகுநேரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டான். அதன்பின் அவன் ஒரே ஒருவர் பேச்சைக் கேட்டு உத்தரவு போட்டதே இல்லையாம்.