கடைசி வரிசை

பறவைக்கும் நமக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிக்குக் கூடு கட்டவே தெரியாது. பனைமட்டை இடுக்கில் ஒண்டிக்கொண்டு காலத்தை ஓட்டியது. ஆனால் முடிச்சுப் போடத் தெரியும். அதன் வாய் சும்மா இருக்காது. நெல்லோலையை நாராகக் கிழித்து முடிந்துகொண்டே இருக்கும். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

அப்படி ஒரு குருவிதான் ஓலையான். கண்மாய்க்கரைப் பனை ஒன்றில் குடியிருந்தான். ஓர் ஐப்பசியில், வடக்கே பனிமலைக்கு அப்பாலிருந்து வாலாட்டிக் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. அதில் ஒருத்தி வெள்ளச்சி. வந்த அன்றே ஈரக்கரையில் புழு பொறுக்கிக்கொண்டு, மேலே பார்த்து, அந்தப் புல்லைப் போட்டு இப்படி வதைக்கிறாயே, அது உனக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டாள். ஓலையானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று தொடங்கிய பேச்சு மார்கழி, தை என்று நீண்டது. தன் ஊரில் ஆறு கல்லாக இறுகிப்போகும், அதன் மேல் நடக்கலாம் என்று அவள் சொன்னாள். அவன் நம்பவில்லை. கண்மாய்க்கரை வம்பையெல்லாம் அவன் சொன்னான். அவள் அத்தனையையும் நம்பினாள். ஒருவரை விட்டு ஒருவர் இரை தின்னாத அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

மாசி பிறந்ததும் வெள்ளச்சி விஷயத்தைச் சொன்னாள். பங்குனியில் தென்றல் திரும்பும். திரும்பிய அன்றே கூட்டம் கிளம்பிவிடும். கூட்டத்தை விட்டவள் தனியாக மலை தாண்ட முடியாது. ஆனால் அடுத்த ஐப்பசிக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்றாள்.

நூறு வாலாட்டிகள் வந்து இறங்கினால் நூறும் ஒரே அச்சாகத்தானே இருக்கும், அதில் இவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஓலையான் இரண்டு நாள் மருகினான். பிறகு அவனே ஒரு வழி கண்டான். அவள் காலுக்கு ஒரு காப்பு முடிந்து போடுவது.

நான்கு இழை எடுத்தான். ஓர் இழை மற்ற மூன்றின் மேலும் முடிச்சுப் போட்டுக்கொண்டே ஓரத்துக்குப் போகும். அது ஓரம் சேர்ந்ததும் அடுத்த இழை கிளம்பும். அப்படித்தான் வரிசை வரிசையாகக் காப்பு வளரும். நடுவெல்லாம் ஒழுங்காக வந்தது. ஓரம்தான் அடங்கவில்லை. ஓரிடத்தில் சுருங்கி உள்ளே போனது, இன்னோரிடத்தில் பிதுங்கி வெளியே வந்தது. மாசி முழுக்க முடிச்சுப் போட்டு, ஒரு வழியாக அவள் காலில் கட்டிவிட்டான். வெள்ளச்சி அன்று முழுக்க ஈரத்தில் கால் வைக்காமல் நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆள்காட்டிக் குருவி வந்தது. ஊரில் எது நடந்தாலும் கத்திச் சொல்லாவிட்டால் அதற்குத் தலை வெடித்துவிடும். காலை உற்றுப் பார்த்து, என்னம்மா கட்டுப் போட்டிருக்கிறாய், அரணை கடித்துவிட்டதா என்று கேட்டது. கரையே சிரித்தது. வெள்ளச்சியும் சேர்ந்து சிரித்தாள். ஓலையான் சிரிக்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில் நாலு பேர் அந்தக் காலைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை.

குற்றம் இழையில் இல்லை, இழுப்பில் இருக்கிறது என்று பத்து நாளில் கண்டுபிடித்தான். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முக்கியமாக, ஓரத்து இழையைக் கால்விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விரல் தளர்ந்தால் ஓரம் கோணிவிடும். வேறு புல்லில் இரண்டு வரிசை மட்டும் செய்து பார்த்தான். கோடு கிழித்த மாதிரி வந்தது.

பங்குனியில் ஒரு காலை அவளிடம் போய் நின்றான்.

"காப்பைக் கழட்டிக் குடு வெள்ளச்சி. உச்சிக்குள்ள நேராக்கித் தந்துர்றேன்."

"எதுக்கு? இந்தா, இங்க சுருங்கியிருக்கு பாரு. நான் கிளம்புறதப் பத்திப் பேசினப்ப நீ இழுத்த இழுப்பு. இங்க பிதுங்கியிருக்கே, அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே கெடந்தோம். எனக்கு இதுவே போதும்."

"ஓலையான் முடிஞ்சதுன்னு நீ நாலு பேர்ட்ட சொல்ல வேண்டாமா?"

அவன் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலை நீட்டினாள்.

அவன் ஒரு முடிச்சைக்கூட மிச்சம் வைக்காமல் அத்தனையும் அவிழ்த்தான். புதிதாக முடியத் தொடங்கினான். வெயில் ஏறியது. முதுகில் காற்று பட்டது. அது தெற்கிலிருந்து வந்ததை அவன் கவனிக்கவில்லை. வெள்ளச்சி மட்டையில் வந்து உட்கார்ந்து, காற்று மாறுகிறது என்றாள். இன்னும் நாலே வரிசை என்றான். போய்விட்டுத் திரும்பி வந்தாள். கூட்டம் கரையில் திரண்டுகொண்டிருந்தது.

"அப்படியே குடு ஓலையா, போட்டுக்கிட்டுப் போறேன்."

"ஒரே ஒரு வரிசை. இப்ப விரலை எடுத்தா ஓரம் போயிரும்."

அவன் தலையைத் தூக்கவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. முடிச்சைப் போட்டு, இழுத்து, இன்னொரு தடவை அதே அளவுக்கு இழுத்து, இந்தா என்று நீட்டியபோது மட்டையில் யாரும் இல்லை. வடக்கே வானத்தில் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் தெரிந்தது.

காப்பைக் கவ்விக்கொண்டு பறந்தான். தூக்கணாங்குருவியின் சிறகுக்கு எவ்வளவு தூரம் போக முடியும்? இரண்டாவது கண்மாய் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கித் திரும்பினான். காப்பு மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷத்து நாட்களை எப்படித் தள்ளினான் என்று சொல்லி முடியாது. ஐப்பசி வந்தது. வாலாட்டிகளும் வந்து இறங்கின. ஓலையான் கரையில் ஒவ்வொருத்தியையும் சுற்றி வந்து, வெள்ளச்சி, வெள்ளச்சி என்று கூப்பிட்டான். எல்லோரும் வாலை ஆட்டினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயதான வாலாட்டி ஒன்று இரக்கப்பட்டு, மலைக்கு அந்தப் பக்கம் காற்றடித்துக் கூட்டம் சிதறிவிட்டது, பலர் வேறு வேறு ஊரில் இறங்கிவிட்டார்கள் என்றது.

"உன் கூட்டாளி கால்ல அடையாளம் ஏதாச்சும் உண்டா தம்பி? இருந்தா, வழியில பாத்தேனா இல்லையான்னு சொல்லிருவேன்."

அவன் பனைக்குத் திரும்பினான்.

ஒருவேளை பிந்தி வந்தாலும் வருவாள், வந்தால் கண்ணில் பட வேண்டும் என்று காப்பை ஓலை நுனியில் கட்டித் தொங்கவிட்டான். அன்றே மழை பிடித்துக்கொண்டது. காப்பு நனைந்து அழுகிவிடுமே என்று அதற்கு மேல் ஒரு கூரை முடிந்தான். சாரல் அடித்தது. பக்கத்துக்கு ஒரு சுவர் முடிந்தான். பாம்பு எட்டிப் பார்த்தது. உள்ளே போகும் வழியைக் கீழ்நோக்கி நீளமாக இறக்கினான். மழை விட்டபோது பார்த்தால், குடும்பமே இருக்கலாம் போல ஒரு வீடு தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற தூக்கணாங்குருவிகள் வந்து வேடிக்கை பார்த்தன, பிறகு தாங்களும் ஆளுக்கொன்று முடியத் தொடங்கின.

செவந்தி என்று ஒரு பெண்குருவி வந்து உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் குத்திப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. வெளியே வந்து கீழே பார்த்ததும்தான் முகம் சுளித்தாள்.

"உள்ள இவ்வளவு நறுவிசா முடிஞ்சிட்டு, வாசல் ஓரத்தை மட்டும் ஏன் பிரிபிரியா விட்டுட்ட? இன்னொரு வரிசை போட்டா நேராயிருமே."

"அந்த ஒரு வரிசை போடணும்னா நான் தலையைக் குனியணும் செவந்தி."

சொல்லிவிட்டு ஓலையான் வாசலில் தொங்கியபடி வடக்கே பார்த்தான்.

மேலே ஒரு முடிச்சுப் பிசகாமல் முடிகிற தூக்கணாங்குருவி, வாசல் ஓரத்தில் மட்டும் புல் நுனிகளைக் காற்றில் ஆட விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பது அன்றிலிருந்துதான்.